செவ்வாய், வெள்ளி, பதினோரு மணி

கடைவீதியின் மூன்றாவது முக்கில் இருக்கும் மூக்குக்கண்ணாடிக் கடையில் பதினான்கு வருடமாக லென்ஸ் தேய்த்துப் பொருத்துகிறவள் அவள். முன்பக்கம் நின்று சிரித்துச் சிரித்து ஃப்ரேம் காட்டுகிறவர்கள் வேறு. இவள் உட்காருவது பின்பக்க அறையில். வட்டமாக வரும் லென்ஸில் நடுப்புள்ளி குறித்து, தண்ணீர் சொட்டச் சொட்டச் சாணைச் சக்கரத்தில் விளிம்பைத் தேய்த்து, ஃப்ரேமின் வளைவுக்குள் மயிரிழை பிசகாமல் உட்கார வைக்க வேண்டும். கொஞ்சம் கூடினால் உள்ளே போகாது, கொஞ்சம் குறைந்தால் உள்ளே நிற்காது. "அவளுக்குக் கண்ணு கையில இருக்கு" என்பார் முதலாளி, நல்ல மனநிலையில் இருக்கும் நாட்களில்.

கணவன் ராணுவத்தில் லாரி ஓட்டுகிறவன். கல்லுளிமங்கன். கல்யாணத்தன்றே அவனுடைய அக்கா இவளைத் தனியாகக் கூப்பிட்டு, தம்பி தங்கமான பிள்ளை, ஆனால் வாயைத் திறக்க மட்டும் கடப்பாரை வேண்டும் என்று எச்சரித்திருந்தாள். பதினோரு வருடக் குடித்தனத்தில் அவன் இவளிடம் பேசியதை எல்லாம் சேர்த்து வைத்தால் பாதி "ம்", மீதியில் பாதி "சரி", மற்றதெல்லாம் "வேணாம்". விடுமுறைக்கு வந்தால் குழாய் ரிப்பேர் செய்வான், மகளின் சைக்கிளுக்குக் காற்றடிப்பான், வந்தது போலவே சத்தமில்லாமல் திரும்பிப் போவான். அவளுக்கும் அது பழகிவிட்டது. பேசாத மனுஷன் யாரிடமும் பேசமாட்டான், அதில் நமக்கு மட்டும் என்ன குறை என்று ஒரு நியாயம் சொல்லி மனதைத் தேற்றி வைத்திருந்தாள்.

அந்த நியாயத்துக்கு ஆயுள் அவ்வளவுதான் என்று அவள் நினைத்துப் பார்த்ததில்லை.

மலைப்பாதையில் சாமான் ஏற்றிப் போன லாரி வரிசையில் முதல் வண்டி சறுக்கிப் பள்ளத்தில் விழுந்தது. இரண்டு பேர் போய்விட்டார்கள். அன்றைக்கு முதல் வண்டி ஓட்ட வேண்டியவன் இவன். புறப்படும்போது டயர் இறங்கிப்போனதால் இரண்டாவதாகத் தள்ளப்பட்டவன். நாலு மாதம் கழித்து, முகாமில், அவன் தன் உயிரை மாய்த்துக்கொள்ளப் பார்த்தான். முகாம் சமையல்காரர் எதற்கோ அந்தப் பக்கம் போனவர் பார்த்துவிட்டார், பிழைத்தான். அதிகாரி ஒருவர் போனில் செய்தி சொன்னபோது அவள் கையில் ஏதோ ஒரு குழந்தையின் லென்ஸ் இருந்தது. அதைக் கீழே போடாமல் மேசையில் பத்திரமாக வைத்துவிட்டுத்தான் உட்கார்ந்தாள் என்று கடையில் இன்றும் சொல்வார்கள். உட்கார்ந்தவளை எழுப்ப இரண்டு பேர் வேண்டியிருந்தது.

ஐந்து வாரம் ராணுவ ஆஸ்பத்திரியில் இருந்துவிட்டு, நீண்ட விடுப்பில் வீட்டுக்கு அனுப்பினார்கள். ஆஸ்பத்திரி ஒன்றரை நாள் பயண தூரம். அதனால் மீதி வைத்தியம் போன் வழியாக என்றார்கள். வாரத்தில் செவ்வாயும் வெள்ளியும் பதினோரு மணிக்கு மனநல டாக்டர் ஒருவர் வீடியோவில் பேசுவார். மொத்தம் பன்னிரண்டு தடவை. நடுவில் வரும் நாட்களுக்கு அவன் போனிலேயே ஒரு ஆப் போட்டுக் கொடுத்தார்கள். காலையில் எழுந்ததும் அது மனசு எப்படி இருக்கிறது என்று கேட்கும், பூஜ்யத்திலிருந்து பத்துக்குள் ஒரு எண் போட வேண்டும். மனசு கெடும்போது முதலில் என்ன அறிகுறி தெரியும், அப்போது என்ன செய்யலாம், யாரைக் கூப்பிடலாம் என்று அவனே சொல்லி அவனே எழுதிய பட்டியல் ஒன்றும் அதில் இருந்தது. மாத்திரைகளை மட்டும் அவளிடம் கொடுத்து, வீட்டில் வைக்காமல் தினமும் ஒரு நாளுக்கு உள்ளதை மட்டும் கொடுங்கள் என்றார்கள். அவள் அவற்றை ஒரு டப்பாவில் போட்டுக் கடைக்கே எடுத்துப் போய்ப் பூட்டி வைத்தாள்.

போனாவது வைத்தியமாவது என்றுதான் முதலில் நினைத்தாள். முழு ஆள் எதிரில் நின்று கேட்டாலே பதில் வராத மனுஷன், கையகலக் கண்ணாடிச் சில்லிடமா பேசப் போகிறான்?

கடைக்குச் செவ்வாய் விடுமுறை. முதல் செவ்வாய் அவள் துணி மடித்துக்கொண்டிருந்தாள். உள் அறையிலிருந்து முனகல் மாதிரி ஏதோ கேட்டது, அவ்வளவுதான். இரண்டாவது செவ்வாய் கொஞ்சம் கூடக் கேட்டது. மூன்றாவது செவ்வாய் காலை, அவன் முகச்சவரம் செய்துகொண்டான்.

அவள் அடுப்படியிலிருந்து அதைப் பார்த்தாள். ஆஸ்பத்திரியிலிருந்து வந்த நாளாக, அவள் கெஞ்சியும் மகள் கிண்டல் செய்தும் கத்தி படாத தாடி. இன்றைக்குத் தானாகவே சோப்பு நுரைத்து, கண்ணாடி முன் நின்று, காதோரம்கூட விடாமல் வழித்துக்கொண்டிருந்தான். பிறகு பெட்டியைத் திறந்து, அவள் இஸ்திரி போட்டு வைத்திருந்த வெளிர்நீலச் சட்டையை எடுத்துப் போட்டுக்கொண்டான். தலை சீவினான். பதினோரு மணிக்கு உள்ளே போய்க் கதவைச் சாத்தினான். சரியாக இருபது நிமிஷம் கழித்து, உள்ளேயிருந்து ஒரு சிரிப்புச் சத்தம் வந்தது.

அவனுடைய சிரிப்புதான். எப்போதோ மகள் முதல் பல் விழுந்து பேசியபோது கேட்டது. அதற்குப் பிறகு இப்போதுதான். கூடவே ஒரு பெண்குரலும் சிரித்தது.

அன்றைக்கு அவளுக்குள் பற்றிய நெருப்புக்கு எந்தத் தண்ணீரும் போதவில்லை. அந்தக் குரலுக்கு அவளே ஒரு முகம் செய்துகொண்டாள். முப்பது வயதிருக்கும், ஒல்லியாக இருப்பாள், ஏசி அறை, சுத்தமான கை. தன் கையைப் பார்த்தாள். நகக்கண்ணில் எல்லாம் வெள்ளைத் தூள். நாள் முழுக்கத் தண்ணீரில் ஊறிச் சுருங்கின விரல்நுனிகள். சட்டைக்கு இஸ்திரி போட இவள், சட்டையைப் பார்க்க இன்னொருத்தி என்று நினைத்தபோது அழுகைகூட வரவில்லை, எரிச்சல்தான் வந்தது. சக்களத்தி என்று ஒருத்தி நேரில் வந்தால் முடியைப் பிடித்து ஒரு கை பார்க்கலாம். இவளை எங்கே போய்ப் பிடிப்பது?

இது வைத்தியம், வெட்கமாக இல்லையா உனக்கு என்று தன்னையே திட்டியும் பார்த்தாள். பொறாமை அதையெல்லாம் கேட்கிற ஜாதியில்லை. நாலாவது செவ்வாய், நனைந்த துணியைக் கையில் வைத்துக்கொண்டு கதவோரம் நின்றாள். உள்ளே அவன் பேசிக்கொண்டே இருந்தான். அந்த டயரைப் பற்றி. பள்ளத்தில் கேட்ட சத்தத்தைப் பற்றி. செத்துப்போனவர்களில் ஒருவனின் தம்ளரை இன்னும் தான் வைத்திருப்பதைப் பற்றி. ஒரு வாக்கியத்தின் வாலை இன்னொன்று பிடித்துக்கொண்டு வந்தது. இந்த மனுஷனுக்கு இவ்வளவு வார்த்தை எங்கேயிருந்து கிடைத்தது என்று அவளுக்குப் பிரமிப்பாக இருந்தது. பிறகு அந்தக் குரல் என்னவோ கேட்டது. அவன் சொன்னான்:

"இதெல்லாம் வீட்ல சொல்ல முடியாது மேடம்."

அவள் துணியைக் கொடியில் போடாமல் அப்படியே வாளியில் போட்டுவிட்டுக் கடைத்தெருவுக்குக் கிளம்பிவிட்டாள். வாங்க ஒன்றும் இல்லாமல் ஒரு மணி நேரம் சுற்றினாள்.

அந்த வாரம் வியாழக்கிழமை அவன் குளிக்கப் போன நேரத்தில் போனைத் திறந்தாள். பூட்டெண் மகளின் பிறந்த தேதி, மறைக்கத் தெரியாதவன். அந்தப் பட்டியலைத் தேடி எடுத்தாள். 'கூப்பிட வேண்டியவர்கள்': ஒன்று, சமையல்கார அண்ணன். இரண்டு, ஆஸ்பத்திரி அவசர எண். மூன்று, அக்கா. அதோடு முடிந்தது. மேலே தள்ளினாள், கீழே தள்ளினாள். 'என்னைப் பிடித்து வைத்திருப்பவை' என்று இன்னொரு பக்கம் இருந்தது. அதில் மகள் இருந்தாள். லாரி எஞ்சின் சத்தம் இருந்தது. எதிர்வீட்டு நாய்கூட இருந்தது. இவள் இல்லை.

நாய்க்குக் கிடைத்த இடம் நமக்கில்லையா என்று அவள் அவனிடம் கேட்கவில்லை. கேட்டிருந்தால் அடுத்த நாள் நடந்தது நடந்திருக்காது.

வெள்ளிக்கிழமை காலை அவன் சவரம் செய்துகொண்டிருந்தபோது, அவனுடைய போனை எடுத்துத் தன் பைக்குள் போட்டுக்கொண்டு கடைக்குப் போய்விட்டாள். இரண்டு போனுக்கும் ஒரே கறுப்பு உறை. கேட்டால் மாறிப்போச்சு என்று சொல்லிக்கொள்ளலாம் என்று வழியெல்லாம் ஒத்திகை பார்த்தாள். தன்னுடைய போன் பையின் அடியில் பத்திரமாக இருப்பது அவளுக்கு நன்றாகத் தெரியும்.

பதினோரு மணிக்கு அது அடித்தது. சக்கரம் ஓடிக்கொண்டிருந்தது, கையை எடுக்காமல் அடிக்க விட்டாள். நின்றது. மறுபடி அடித்தது, அணைத்தாள். மூன்றாவது தடவை அடித்தபோது, சரி, நாலு வார்த்தை கேட்டுவிடுவோம் என்று மெஷினை நிறுத்திவிட்டு, ஈரக்கையோடு பச்சைப் பொத்தானை அழுத்தினாள்.

திரையில் வந்தது ஐம்பத்தைந்து வயதுப் பெண்மணி. தலை பாதிக்குமேல் நரை. கண்களுக்குக் கீழே தூக்கம் போதாத பை. பவர் கூடிய தடிக் கண்ணாடி, அதுவும் ஒரு பக்கம் சரிந்து, இடது கண் லென்ஸின் நடுப்புள்ளியை விட்டு எங்கேயோ மேலே நின்றது. எந்தப் படுபாவி இதைப் பொருத்தினான் என்றுதான் அவளுக்கு முதலில் தோன்றியது. அந்த ஒரு நொடியில் அவள் தயாரித்து வைத்திருந்த நாலு வார்த்தையும் மறந்துபோயிற்று.

டாக்டர் அதிர்ச்சி காட்டவில்லை. நீங்கள் அவர் மனைவியா என்றார். ஆமாம் என்றாள். போன் உங்களிடம் எப்படி வந்தது என்று அவர் கேட்கவே இல்லை.

"இப்ப அவர் கூட யாரும்மா இருக்காங்க?"

மகள் பள்ளிக்கூடத்தில். இவள் கடையில். போன் இவள் கையில்.

"யாருமில்ல" என்று சொன்னாள். சொல்லும்போதே தான் என்ன செய்திருக்கிறோம் என்பது முழுசாக உறைத்தது. டாக்டர் நிதானமாக, உடனே வீட்டுக்குப் போங்கள், இந்த அழைப்பை அணைக்காமலே போங்கள், நான் இங்கேயே இருக்கிறேன் என்றார். அவள் முதலாளியிடம் சொல்லிக்கொள்ளவில்லை. வேலைக்காகக் கட்டியிருந்த மேல்துணியைக் கழற்றவில்லை. பத்து நிமிஷ நடையைத் தலைதெறிக்க ஓடினாள். கையிலிருந்த போனிலிருந்து அந்தக் குரல், மூச்சு வாங்குதும்மா, பாத்துப் போங்க என்று சொல்லிக்கொண்டே வந்தது.

வீடு வெறுமனே சாத்தியிருந்தது. உள் அறையில் இல்லை. கொல்லைப்புறத்தில் இல்லை. குளியலறைக் கதவைத் தள்ளிப் பார்த்தாள், அங்கேயும் இல்லை. "இல்ல டாக்டர், ஆளைக் காணோம்" என்று போனில் சொன்ன குரல் அவளுடையதாகவே இல்லை. தெருவில் இறங்கி இரண்டு பக்கமும் பார்த்தாள். தெருக்கோடி மளிகைக்கடை வாசலில், அரிசி மூட்டைமேல், வெளிர்நீலச் சட்டை தெரிந்தது.

கடைக்காரரின் போனைக் காதில் வைத்துக்கொண்டு உட்கார்ந்திருந்தான். அவளைப் பார்த்ததும், "இருங்கண்ணே, வந்துட்டா" என்று சொல்லிவிட்டு எழுந்தான். போனைக் காணாமல் அரைமணி நேரம் தேடியிருக்கிறான். பதினோரு மணி தாண்டியதும் மூச்சு முட்ட ஆரம்பித்திருக்கிறது. மனப்பாடமாகத் தெரிந்த ஒரே நம்பர் சமையல்காரருடையது. பட்டியலில் எழுதியிருந்தபடியே, வீட்டைவிட்டு வெளியே வந்து, ஆட்கள் இருக்கும் இடத்தில் உட்கார்ந்து, அவரைக் கூப்பிட்டிருக்கிறான். டாக்டர் திரையில் அவனை ஒரு தடவை பார்த்து, இரண்டு கேள்வி கேட்டு, மாலை நாலு மணிக்குப் பேசலாம், அதுவரை இரண்டு பேரும் சேர்ந்தே இருங்கள் என்று சொல்லி வைத்தார்.

மாறிப்போச்சு என்ற ஒத்திகை வசனம் நாக்கு நுனி வரை வந்தது. வீட்டுக்குள் போனதும் அவள் உண்மையைச் சொன்னாள்.

"நான்தாங்க எடுத்துட்டுப் போனேன். தெரிஞ்சேதான். நீங்க அவங்ககிட்ட சிரிக்கிறீங்க. என்கிட்ட சிரிச்சு எத்தனை வருஷமாச்சு?"

பதினோரு வருடத்தில் முதல் தடவையாக அவன் கோபப்பட்டான். குரல் உயர்ந்தது, கை மேசையில் இறங்கியது, கழுத்து நரம்பு புடைத்தது. அது விளையாட்டுச் சாமான் இல்லை என்றான். தான் உயிரோடு இருப்பது அவளுக்கு அவ்வளவு அலட்சியமா என்றான். காலையில் எழுந்தால் அந்தப் போனாவது இன்னைக்கு எப்படியிருக்கே என்று கேட்கிறது, இந்த வீட்டில் யார் கேட்டார்கள் என்றான்.

"நான் கேட்டா மட்டும் சொல்லிடுவீங்களா?" என்றாள் அவள்.

"சொன்னேன். ஒரு தடவ சொன்னேன்ல."

அவளுக்கு அது ஞாபகம் வந்துவிட்டது. அவன் உயிரை விடப் பார்த்ததற்கு இரண்டு வாரம் முன்னால், ஒரு மத்தியானம், முகாமிலிருந்து கூப்பிட்டவன், எல்லாம் போதும்னு இருக்கு என்றான். அப்படியெல்லாம் பேசாதீங்க, எனக்கு நெஞ்சு படபடங்குது என்று அவள் அழுதாள். அவன் பத்து நிமிஷம் அவளைச் சமாதானம் செய்து, சும்மா சொன்னேன் என்று சொல்லி வைத்தான். சும்மாதான் சொன்னான் என்று அவளும் நம்பினாள். நம்பத்தான் அவளுக்குப் பிடித்திருந்தது.

"உன்கிட்ட சொன்னா நீ உடைஞ்சிடுவ. அப்புறம் நான் உன்னையும் சேத்துத் தூக்கணும். என்னால அப்ப என்னையே தூக்க முடியல" என்றான். சொல்லிவிட்டு நாற்காலியில் உட்கார்ந்துகொண்டான்.

பட்டியலில் அவள் ஏன் இல்லை என்று கேட்க வேண்டிய அவசியம் அதற்குப் பிறகு இல்லை. அவளுக்கு அவமானமாக இருந்தது. பயம் இன்னும் தணியவில்லை. ஆனால் அந்த இரண்டுக்கும் அடியில், வெளியே சொன்னால் சிரிப்பார்கள், ஒரு சின்னத் திருப்தியும் இருந்தது. இவ்வளவு கோபத்தை அவன் அந்த டாக்டரிடம் காட்டியிருக்கமாட்டான். இது முழுக்க முழுக்க தனக்கே வந்தது.

நாலு மணிக்கு அவளும் பக்கத்தில் உட்கார்ந்தாள். டாக்டர் அவளைக் கண்டிக்காமல் ஒன்று மட்டும் உறுதியாகச் சொன்னார்: அந்தப் போன் அவர் கையைவிட்டுப் போகக் கூடாது. அவள் தலையாட்டினாள். பிறகு டாக்டர், செத்துவிடலாம் போல இருக்கிறதா என்று நேராகக் கேட்பதால் யாருக்கும் அந்த எண்ணம் புதிதாக வந்துவிடாது, கேட்காமல் விடுவதுதான் ஆளைத் தனியாக்கும் என்றார். கேளுங்கள், பதிலைக் கேட்டுக்கொண்டு உட்காருங்கள், உங்களுக்கு அழ வேண்டுமென்றால் அதற்கு நான் தனியாக நேரம் தருகிறேன் என்றார். உண்மையிலேயே தந்தார். அடுத்த வாரம் அவளுக்கென்று அரைமணி நேரம் கிடைத்தது. அவள் அதில் முக்கால்வாசியை அழுதே தீர்த்தாள். மீதியில், கண்ணாடியில் மூக்கின்மேல் உட்காரும் நோஸ்பேடை எப்படி வளைத்தால் சரிவு நிற்கும் என்று டாக்டருக்குச் சொல்லிக் கொடுத்தாள்.

நேராகக் கேட்பது எளிதாக வரவில்லை. முதல் நாள் காய் நறுக்கிக்கொண்டே சுவரைப் பார்த்துக் கேட்டாள். அவனுக்குக் காதில் விழவே இல்லை. இரண்டாம் நாள் மகள் வந்துவிட்டாள். மூன்றாம் நாள் மாலை, அவன் மகளின் சைக்கிளுக்கு எண்ணெய் விட்டுக்கொண்டிருந்தபோது எதிரில் குத்துக்காலிட்டு உட்கார்ந்தாள்.

"இன்னைக்குச் செத்துடலாம்னு தோணுச்சாங்க?"

அவன் எண்ணெய்க் குப்பியைக் கீழே வைத்தான்.

"காலைல கொஞ்ச நேரம். இப்ப இல்ல."

அவள் சைக்கிள் சக்கரத்தின் கம்பியை இறுகப் பிடித்துக்கொண்டாள். "காலைல எத்தனை மணிக்கு?" என்று கேட்டாள். ஏழு மணி இருக்கும் என்றான். அப்போது அவள் என்ன செய்துகொண்டிருந்தாள் என்றும் சொன்னான்: மகளுக்குத் தலை பின்னிக்கொண்டிருந்தாளாம். அதைப் பார்த்துக்கொண்டே உட்கார்ந்திருந்தானாம், அது கடந்துபோகும்வரை. அவள் அழவில்லை. அன்றைக்குப் பேச்சு அவ்வளவுதான், பிறகு செயின் மாட்டுவதற்கு அவள் பிடித்துக்கொண்டாள்.

பன்னிரண்டாவது பேச்சு முடிந்த செவ்வாய்க்கிழமை, டாக்டரிடம் விடைபெறும்போது அவன் கண் கலங்கிவிட்டது. தன்னை விட்டுப் பிரிந்து முகாமுக்குப் போகும்போது ஒரு தடவையாவது இந்தக் கண் கலங்கியிருக்கிறதா என்று அவள் அப்போதும் கணக்குப் பார்த்தாள். அந்தப் புத்தி போகவில்லை. ஆனால் முந்தானையால் அவன் முகத்தைத் துடைத்துவிட்டதும் அவள்தான்.

அவனை மறுபடி மலைப்பாதைக்கு அனுப்பவில்லை. ஊரிலிருந்து மூன்று மணி நேர தூரத்தில் இருந்த ராணுவ வண்டிப் பட்டறையில் எஞ்சின் பார்க்கும் வேலை கொடுத்தார்கள். வாரக் கடைசியில் வீட்டுக்கு வருவான். மாதம் ஒரு தடவை டாக்டர் போனில் பேசுவார். பட்டியலையும் அவன் திருத்தி எழுதினான். இப்போது அவள் பெயர் இரண்டாவதாக இருக்கிறது. முதலிடம் இன்னும் சமையல்காரருக்குத்தான். உயிரைக் காப்பாற்றிய மனுஷன், அவருக்கு மேலே போக நினைப்பது அநியாயம் என்று அவளுக்கே தெரியும். தெரிந்தும் ஒவ்வொரு தடவை அதைப் பார்க்கும்போதும் சுருக்கென்றுதான் இருந்தது.

ஆறேழு மாதம் கழித்து ஒரு புதன்கிழமை மத்தியானம், சக்கரத்தில் அவசர வேலை ஓடிக்கொண்டிருந்தபோது, பட்டறையிலிருந்து அவன் கூப்பிட்டான். இன்னைக்குச் சரியில்ல என்றான். அவள் மெஷினை நிறுத்தினாள். முன்பக்கம் எட்டிப் பார்த்து, வாடிக்கையாளரை உட்காரச் சொல்லுங்கள் என்று சைகை காட்டினாள். கேட்க வேண்டியதை நேராகக் கேட்டாள். பக்கத்தில் யார் இருக்கிறார்கள் என்று கேட்டு, அவரிடமும் இரண்டு வார்த்தை பேசினாள். நாற்பது நிமிஷம் ஆயிற்று. முதலாளி இரண்டு தடவை வந்து பார்த்துவிட்டுப் போனார். கடைசியில் அவளே ஆஸ்பத்திரிக்குப் பேசி, வெள்ளிக்கிழமைக்கு டாக்டரிடம் நேரம் வாங்கினாள்.

அன்று சாயங்காலம், விடுமுறையில் பக்கத்து ஊருக்கு வந்திருந்த சமையல்காரர் கூப்பிட்டார். பட்டறையிலிருந்து யாரோ சொல்லியிருக்கிறார்கள்.

"என்ன தங்கச்சி, தம்பி எப்படி இருக்கான்? எனக்குப் போன் அடிக்கலையே இன்னைக்கு."

"இப்ப நல்லா இருக்கார் அண்ணே. மத்தியானம் கஷ்டமா இருந்துச்சு, பேசினோம். வெள்ளிக்கிழமை டாக்டர் பேசறாங்க."

"என்னம்மா சொன்னான்?"

"அது எங்க ரெண்டு பேருக்குள்ள அண்ணே."

"ஓ, சரிம்மா" என்றார் அவர், குரல் இறங்கி. அந்தக் குரலில் என்ன இருக்கும் என்று, ஒரு காலத்தில் பட்டியலிலேயே இல்லாத அவளுக்குத் தெரியாதா? அவளுக்கு அவரை நினைத்தால் பாவமாகவும் இருந்தது, உள்ளுக்குள் தித்திப்பாகவும் இருந்தது. கொஞ்சம் யோசித்துவிட்டு, ஞாயிற்றுக்கிழமை அவர் இங்கே இருப்பார், நீங்களும் எங்கள் வீட்டுக்குச் சாப்பிட வந்துவிடுங்கள், உங்களை ஒரு நாளாவது நான் உட்கார வைத்துப் பரிமாறுகிறேன் என்றாள்.